ஆபீசர் போயி கொலை பண்ணுவாரா? எங்க ஏரியால திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்க

நான் வக்கீல் குமாஸ்தா. வேலை பாரிஸ் கார்னர் பக்கம், வீடு பழைய வண்ணாரப்பேட்டை. சாயங்காலம் கேஸ் கட்டெல்லாம் இறக்கி வெச்சிட்டு தெருமுனை கேரம் கிளப்புக்குப் போனா ஒரு மாசமா ஒரே பேச்சு, நானாவதின்னு நேவி ஆபீசர் ஒருத்தர் பொண்டாட்டியோட காதலன சுட்ட கேஸ வெச்சு எடுத்த இந்திப் படத்த எவனோ டப்பிங்ல பாத்துட்டு வந்துட்டான், அதுல இருந்து ஆளாளுக்கு என்கிட்ட கேள்வி. கோர்ட்டுக்குப் போற ஆளாச்சே, இவனுக்கு எல்லாம் தெரியும்னு நெனப்பு. ஒருத்தனுக்கு சொல்லி முடிச்சா அடுத்தவன் வந்து முதல்ல இருந்து கேக்கறான். அதான் எழுதி வெச்சிட்டேன், இனிமே யாரு கேட்டாலும் இதக் காட்டிட்டு நான் நிம்மதியா ஸ்ட்ரைக்கர் அடிப்பேன்.

யாருண்ணே அந்த நானாவதி? ரெண்டே வரில சொல்லு.

ரெண்டு வரில முடியாது. கவாஸ் மானெக்‌ஷா நானாவதி, இந்தியக் கடற்படைல கமாண்டர், ஐஎன்எஸ் மைசூர் கப்பல்ல ரெண்டாவது பெரிய அதிகாரி. பார்சி. பொண்டாட்டி சில்வியா இங்கிலாந்துப் பொண்ணு, மூணு புள்ளைங்க. இவரு மாசக்கணக்கா கடல்ல இருந்த நேரத்துல சில்வியாவுக்கும் பிரேம் அஹுஜான்னு பம்பாய்ல கார் வியாபாரம் பண்ற சிந்திக்காரர் ஒருத்தருக்கும் பழக்கமாயிடுச்சு. 1959 ஏப்ரல் 27 மத்தியானம் சில்வியா அத வாய் விட்டு சொல்லிட்டாங்க. இவரு கத்தல, அடிக்கல. பொண்டாட்டி புள்ளைங்கள கார்ல கூட்டிட்டுப் போயி மெட்ரோ தியேட்டர்ல குழந்தைங்க படத்துக்கு விட்டுட்டு, நேரா கப்பலுக்குப் போயி, ராத்திரி அகமத்நகர் வரைக்கும் தனியா வண்டி ஓட்டணும் பாதுகாப்புக்கு வேணும்னு பொய் சொல்லி ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வாங்கினாரு. அஹுஜாவோட ஆபீஸுக்குப் போனாரு, ஆள் இல்ல. வீட்டுக்குப் போனாரு, இருந்தாரு. பெட்ரூம் கதவு சாத்துச்சு, கொஞ்ச நேரத்துல மூணு குண்டு, அஹுஜா காலி. நானாவதி நேவி போலீஸ் அதிகாரிகிட்ட போயி விஷயத்த சொல்லிட்டு, அப்பறம் போலீஸ் டெபுடி கமிஷனர்கிட்ட தானா போயி சரண்டர் ஆயிட்டாரு.

நடந்தது இவ்ளோதான். மிச்சமெல்லாம் ஜனங்க பண்ணது.

சுட்டது அவரே ஒத்துக்குனாரு, அப்பறமும் ஜனங்க ஏன் அவரு பக்கம் நின்னாங்க?

இதான் எனக்கு பிடிச்ச கேள்வி, இதுக்குத்தான் நிறைய எழுதப் போறேன்.

மொதல்ல டிரெஸ். மனுஷன் கோர்ட்டுக்கு வந்தது நேவியோட வெள்ளை யூனிபார்ம்ல, மெடல் குத்திக்கிட்டு. நல்ல உயரம், நல்ல அழகு, நிமிந்து நிக்கறாரு. நான் இருபத்திரெண்டு வருஷமா குற்றவாளிக் கூண்டப் பாக்கறேன், அதுல நிக்கறவங்க முக்கால்வாசி பேரு தூக்கம் இல்லாம, கசங்குன சட்டையோட, கையில சங்கிலி மாட்டுன தடம் தெரிய நிப்பாங்க, பாத்த உடனே இவன்தான் பண்ணிருப்பான்னு தோணும். அந்தத் தோணல் எவ்ளோ பெரிய பொய்னு எனக்குத் தெரியும். இங்க அப்படியே உல்டா, அவ்ளோதான்.

ரெண்டாவது பத்திரிகை. பிளிட்ஸ்னு ஒரு வாரப் பத்திரிகை, ஆசிரியர் ஆர்.கே. கரஞ்சியா, அவரும் பார்சி. வாரா வாரம் நானாவதிய ஹீரோவாக்கி எழுதித் தள்ளுனாங்க. நாட்டுக்காக கடல்ல கெடந்தவன், வீட்ட திருடன் பூந்து கெடுத்துட்டான், இதான் லைன். 25 பைசா பத்திரிகை 2 ரூபாய்க்கு வித்துச்சு, இன்னிக்குக் கணக்குல யோசிச்சுப் பாரு, 10 ரூபா டீ 80 ரூபாய்க்கு விக்கற மாதிரி, அதையும் கியூல நின்னு வாங்குன ஜனம். தெருவுல நானாவதி ரிவால்வர்னு பொம்மைத் துப்பாக்கி, அஹுஜா துண்டுன்னு குளிக்கற துண்டு, கூவிக் கூவி வித்தானுங்க. ஒருத்தர் செத்திருக்காரு, அது வியாபாரம். நம்ம எம்.சி. ரோட்டுல தீபாவளிக்கு ஜவுளி விக்கற மாதிரி.

மூணாவது சாதிசனம். பார்சிங்க பம்பாய்ல கவாஸ்ஜி ஜகாங்கீர் ஹால்ல கூட்டம் போட்டாங்க, உள்ள இடம் பத்தாம வெளிய ஆயிரக்கணக்குல நின்னாங்க. சிந்திக்காரங்க அஹுஜாவோட அக்கா மேமிக்கு துணையா நின்னாங்க, அந்தப் பக்கம் அரசு வக்கீலுக்கு ஒத்தாசை பண்ண வந்த இளம் வக்கீல்தான் பின்னாடி பெரிய ஆளான ராம் ஜெத்மலானி.

நாலாவது, யாரும் வெளிய சொல்லாதது. 1959ல கோர்ட்டு வாசல்ல நின்ன ஆம்பளைங்க அத்தன பேரும் மனசுக்குள்ள தன்ன அந்த எடத்துல வெச்சுப் பாத்திருப்பான். நானா இருந்தாலும் இதத்தான் பண்ணிருப்பேன்னு. எங்க கேரம் கிளப்புலயே பத்துல ஏழு பேரு அதத்தான் சொல்றான், அதுல ரெண்டு பேரு வீட்டுல பொண்டாட்டி பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது, அது வேற கதை.

அந்தத் துண்டு மேட்டர் இன்னாண்ணே?

அஹுஜா அப்பதான் குளிச்சிட்டு இடுப்புல துண்டோட வந்திருக்காரு. நானாவதி தரப்பு வக்கீல் சொன்னது, நானாவதி போயி நீ சில்வியாவ கட்டிக்கிட்டு புள்ளைங்களப் பாத்துப்பியான்னு கேட்டாரு, அவரு அசிங்கமா பதில் சொன்னாரு, கவர்ல இருந்த துப்பாக்கிக்கு ரெண்டு பேரும் மல்லுக்கட்டுனாங்க, அதுல தானா வெடிச்சிருச்சு. எதிர்த்தரப்பு கேட்டது ஒரே கேள்வி: மல்லுக்கட்டியிருந்தா துண்டு எப்படி இடுப்புலயே இருந்துச்சு? ஆளு கீழ விழுந்தும் துண்டு அவுறல. மூணு குண்டு தானா வெடிக்குமா?

நம்மூரு ஆளுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல, கார்ப்பரேஷன் குழாயடில துண்டு கட்டிக்கிட்டு ஒரு பக்கெட்ட தூக்கிப் பாத்தவனுக்கு அது எவ்ளோ நேரம் நிக்கும்னு தெரியும்.

செத்தவன் யோக்கியம் இல்லையே, அவனுக்கு எதுக்கு பரிதாபம்?

அடுத்தவன் பொண்டாட்டியோட பழகுனது தப்புன்னே வெச்சுக்குவோம். அதுக்கு மரண தண்டனைன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? அஹுஜா கூண்டுல ஏறி பேச முடியாது, நானாவதி பேசலாம், சில்வியா பேசலாம், அவங்க பேசவும் செஞ்சாங்க, புருஷன் பக்கமாத்தான். அஹுஜாவுக்குப் பேசுனது அக்கா மட்டும்தான். சில்வியா விவாகரத்து வாங்கிட்டு வந்தா கட்டிக்கறேன்னு தம்பி சொன்னான்னு சாட்சி சொன்னாங்க, யாரு காதுலயும் ஏறல. செத்தவனப் பத்தி ஜனங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் துண்டும் பொம்பள பித்தன்ங்கற பேரும்தான். ஒருத்தர மனுஷனாவே பாக்காத அளவுக்கு சுருக்கிட்டா அப்பறம் அவரு செத்தது கொலையாவே தெரியாது.

ஜூரின்னா இன்னா?

ஜட்ஜ் சட்டத்த விளக்குவாரு, குத்தம் நடந்துச்சா இல்லையான்னு முடிவு பண்றது ஊர்ல இருந்து பொறுக்கி எடுத்த சாதாரண ஆளுங்க. இந்த கேஸ்ல ஒம்போது பேரு. எட்டு பேரு குத்தம் இல்லன்னுட்டாங்க, ஒருத்தர் மட்டும் குத்தம்னாரு. அந்த ஒருத்தர் அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு எப்படிப் போனாரு, வழில யாரு என்ன கேட்டாங்கன்னு நான் அடிக்கடி யோசிப்பேன்.

செஷன்ஸ் ஜட்ஜ் ரதிலால் மேத்தா அந்த முடிவ ஏத்துக்கல. புத்தி உள்ளவங்க யாரும் இந்த சாட்சியத்த வெச்சு இப்படி முடிவு பண்ண மாட்டாங்கன்னு சொல்லி ஹைகோர்ட்டுக்கு அனுப்பிட்டாரு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 307வது பிரிவுல அதுக்கு வழி இருந்துச்சு. பம்பாய் ஹைகோர்ட் 1960 மார்ச்ல கொலைதான்னு சொல்லி ஆயுள் தண்டனை குடுத்துச்சு.

இந்த கேஸாலதான் இந்தியால ஜூரியே போச்சுன்னு யூடியூப்ல சொல்றாங்களே?

பாதி சரி. சட்ட கமிஷன் 1958லயே, அதாவது கொலை நடக்கறதுக்கு முந்தின வருஷமே, ஜூரி வேணாம்னு 14வது அறிக்கைல சொல்லிட்டாங்க. நானாவதி கேஸ் அதுக்கு மேல ஒரு சவுக்கடி. கடைசி ஜூரி கேஸ் இதுதான்னு சொல்றதும் தப்பு, சில எடத்துல இதுக்கு அப்பறமும் நடந்துச்சு. மொத்தமா எடுத்தது 1973ல வந்த புது நடைமுறைச் சட்டத்துல. ஒரு வேடிக்கை என்னன்னா ஜூரி மாதிரி ஒரு ஏற்பாடு இன்னிக்கும் ஒரே ஒரு எடத்துல இருக்கு, பார்சி விவாகரத்து கேஸ்ல. 1936 சட்டப்படி அவங்க சமூகத்து ஆளுங்க ஜட்ஜ் கூட உக்காருவாங்க. சில்வியா பார்சி இல்ல, அதனால நானாவதி கேஸ் அங்க போயிருக்காது, ஆனா ரெண்டு பேரும் ஏதாவது ஒரு விவாகரத்து கோர்ட்டுக்குப் போயிருந்தா ஒரு உசுரு தப்பிச்சிருக்கும்.

ஜூரில உக்காந்தா பெரிய மனுஷனுக்குத்தான் ஓட்டு போடுவாங்களா?

அப்படியும் சொல்ல முடியாது, நம்ம மெட்ராஸையே எடுத்துக்கோ. 1944 நவம்பர்ல மஞ்சள் பத்திரிகை நடத்துன லட்சுமிகாந்தன வேப்பேரில ரிக்‌ஷால போகும்போது கத்தில குத்துனாங்க, மறுநாள் செத்துட்டாரு. அந்த கேஸ்ல தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் புடிச்சு உள்ள போட்டாங்க. பாகவதருன்னா அன்னிக்கு சாமி மாதிரி, அவரு ரயில்ல வராருன்னா ஸ்டேஷனே திருவிழா. ஆனாலும் நம்ம ஹைகோர்ட் ஜூரி குத்தம்னுதான் சொல்லுச்சு, தீவாந்தர தண்டனை, அதாவது அன்னிக்கு ஆயுள் தண்டனை மாதிரி. அன்னிக்கு கடைசி மேல்முறையீட்டு கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி, திரும்ப இங்க வந்து 1947ல விடுதலை ஆனாங்க. எங்க தாத்தா அந்த கேஸப் பத்தி பேச ஆரம்பிச்சா ராத்திரி சோறு ஆறிடும். பாகவதர் உள்ள இருந்தப்ப அவரு புது படம் பாக்கவே தியேட்டருக்குப் போகலன்னு பெருமையா சொல்லுவாரு, உள்ள இருக்கறவரு எப்படி புதுப் படம் நடிப்பாருன்னு நாங்க யாரும் கேட்டதில்ல.

ஆனா ஒண்ணு, பாகவதருக்கு பேரும் புகழும்தான் இருந்துச்சு. யூனிபார்ம் இல்ல.

சுப்ரீம் கோர்ட் இன்னா சொல்லுச்சு? கோவத்துல பண்ணா கொலை இல்லையாமே?

இத தப்பா புரிஞ்சிக்கிட்டு நிறைய பேரு சுத்தறான், அதனால கவனமா கேளு. சட்டத்துல ஒரு விலக்கு இருக்கு, அன்னிக்கு ஐபிசின்னு இருந்த பழைய தண்டனைச் சட்டத்துல 300வது பிரிவுல முதல் விலக்கு, 2024 ஜூலைல இருந்து அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ் 101ல. ஒருத்தன் திடீர்னு, கடுமையா உசுப்பேத்தி விடப்பட்டு, தன்னையே மறந்த நெலைல கொன்னா அது கொலைங்கற பிரிவுல இருந்து கொஞ்சம் கீழ எறங்கும். விடுதலை இல்ல, தண்டனை கொறையும், அவ்ளோதான்.

1961 நவம்பர் 24 தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் மணிக்கணக்கு பாத்துச்சு. வீட்ட விட்டு கெளம்புனது மத்தியானம் 1.30, சுட்டது 4.20. நடுவுல புள்ளைங்கள தியேட்டர்ல விட்டாரு, கப்பலுக்குப் போனாரு, பொய் சொல்லி துப்பாக்கி வாங்குனாரு, ஆபீஸ்ல தேடுனாரு. இவ்ளோத்தையும் நிதானமா பண்ண ஆளு கோவத்துல தன்னை மறந்தாருன்னு எப்படி சொல்ல முடியும், ஆற நேரம் இருந்துச்சேன்னு கேட்டு ஆயுள் தண்டனைய உறுதி பண்ணிட்டாங்க. தீர்ப்ப எழுதுன நீதிபதி கே. சுப்பாராவ் நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்ல வக்கீலாவும் ஜட்ஜாவும் இருந்தவரு. எங்க சீனியர் ஆபீஸ்ல அந்தத் தீர்ப்ப நான் கைப்பட டைப் அடிச்சிருக்கேன், ஜாமீன் மனு ஒண்ணுக்காக, அன்னில இருந்துதான் இந்த கேஸ் பைத்தியம் எனக்கு.

எங்காளுங்க கேக்கறது, புள்ளைங்கள பத்திரமா தியேட்டர்ல விட்டது நல்ல அப்பன் பண்ற வேலதானேன்னு. ஆமா, நல்ல அப்பன்தான். அந்தப் பொறுப்பே அவரு நிதானத்துல இருந்ததுக்கு சாட்சியாயிடுச்சு பாரு. நல்ல மனுஷனா இருக்கறதும் கொலை பண்றதும் ஒரே மத்தியானத்துல நடக்கலாம். ஜனங்களால ஏத்துக்க முடியாதது இதத்தான்.

கவர்னர் எதுக்கு நடுவுல பூந்தாரு?

ஹைகோர்ட் தண்டனை குடுத்த அன்னிக்கே பம்பாய் கவர்னர் அத நிறுத்தி வெச்சாரு, மேல்முறையீடு முடியற வரைக்கும் நானாவதி நேவி காவல்லயே இருக்கட்டும்னு. சாதா ஜெயிலுக்குப் போகல. அந்தக் கவர்னர் யாருன்னா ஸ்ரீபிரகாசா, 1952ல மெட்ராஸ் கவர்னரா இருந்து ராஜாஜிய ஆட்சி அமைக்கக் கூப்பிட்டாரே அவரேதான். சுப்ரீம் கோர்ட் 1960 செப்டம்பர்ல, எங்ககிட்ட கேஸ் வந்தப்பறம் கவர்னர் அப்படி நிறுத்தி வெக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

புழல்ல உள்ள இருக்கற எங்க தெரு பையனுக்கு அம்மா சாவுக்கு வர ரெண்டு நாள் பரோல் வாங்க நான் அலைஞ்ச அலைச்சல நெனச்சா இந்த அன்னிக்கே ஆர்டர் கதைல சிரிப்பு வருது.

ராயபுரத்துல பார்சி கோயில் இருக்கே, அவங்களும் நானாவதிக்கு சப்போர்ட்டா?

மேற்கு மாதா கோயில் தெருவுல இருக்கற அக்னி கோயிலத்தான் சொல்ற. 1910ல கட்டுனது, தமிழ்நாட்டுலயே அது ஒண்ணுதான். கோயில் இருக்குங்கறதுக்காக பம்பாய் கூட்டத்துக்கு இவங்கள சேக்கறது நியாயமா? இந்தக் கேள்விய கேட்டவனே வியாசர்பாடின்னு சொன்னா ஆட்டோக்காரன் வர மாட்டேங்கறான்னு என்கிட்ட அழுதவன். ஒரு ஏரியாவ வெச்சு, ஒரு சாதிய வெச்சு ஆள கணக்கு போடாதீங்கடான்னு நம்மளே சொல்லிட்டு நம்மளே பண்றோம்.

மிலிட்டரிக்காரர மிலிட்டரி கோர்ட்டுதானே விசாரிக்கணும்?

ராணுவச் சட்டம் 1950, 70வது பிரிவு. ராணுவத்துல இருக்கறவர் ராணுவத்துல இல்லாத ஒருத்தர கொலை பண்ணா கோர்ட் மார்ஷல் விசாரிக்க முடியாது, சாதாரண கோர்ட்டுதான். போர்க்கள மாதிரி பணில இருந்தாலோ, வெளிநாட்டுல நடந்தாலோ, அரசாங்கம் அறிவிச்ச எல்லைப்புற முகாம்ல நடந்தாலோ மட்டும் விலக்கு. வேலை நேரத்துல கடமைக்காக செஞ்சதுக்குத்தான் கைதுல இருந்து பாதுகாப்பு இருக்கு, சொந்த விவகாரத்துக்கு கிடையாது. ரிட்டயர் ஆயிட்டா அவரும் நம்மள மாதிரிதான்.

நம்ம மெட்ராஸ்ல இப்படி எதுவும் நடக்கலையா?

நடந்துச்சே. எல்லாரும் மறந்துட்டாங்க. பம்பாய் கேஸ 60 வருஷம் கழிச்சும் பேசறோம், கோட்டைக்குப் பக்கத்துல நடந்தத பத்து வருஷத்துல மறந்துட்டோம்.

2011 ஜூலை 3, ஞாயித்துக்கெழம. தீவுத்திடல் பக்கம் ராணுவ அதிகாரிங்க குடியிருப்பு, அதுக்கு ஒட்டுனாப்புல குடிசைப் பகுதி. 13 வயசு பையன் ஒருத்தன் சேக்காளிங்களோட காம்பவுண்ட் சுவர் ஏறிக் குதிச்சு வாதாங்கா பறிக்கப் போனான். நம்ம ஏரியால அத பண்ணாத பையன் உண்டா, நானே ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் ஒரு பங்களால வாதாம் மரத்துக்காக சுவர் ஏறி முட்டிய பேத்துக்கிட்டவன், தழும்பு இன்னும் இருக்கு. அந்தப் பையன துப்பாக்கியால சுட்டுட்டாங்க. செத்துட்டான்.

ஜனங்க ரோட்டுக்கு வந்தாங்க, குடியிருப்பு வாசல்ல போயி நின்னாங்க. கேஸ் சிபிசிஐடிக்குப் போச்சு. ஒரு வாரத்துல அங்க குடியிருந்த ரிட்டயர்டு லெப்டினன்ட் கர்னல் ஒருத்தர கைது பண்ணாங்க, துப்பாக்கிய கூவத்துல இருந்து எடுத்தாங்க. 2012 ஏப்ரல்ல விரைவு நீதிமன்றம் ஆயுள் தண்டனை குடுத்துச்சு. கொலை நடந்து பத்து மாசத்துல தீர்ப்பு, நம்ம கோர்ட்டுல இது ராக்கெட் வேகம்.

இப்ப ஜனங்க என்ன பேசுனாங்கன்னு சொல்றேன், என் காதால கேட்டது. அப்ப நான் பஸ்ல தினமும் அந்த வழியாத்தான் போவேன். பஸ்ஸுக்குள்ளயே ரெண்டு கட்சி. பின்னாடி சீட்டுல மீன் கூடையோட வந்த ஆயாங்க, "ஒரு வாதாங்காக்கு ஒரு புள்ளையா"ன்னு மாருல அடிச்சிக்கிட்டாங்க. முன்னாடி டக் இன் பண்ண ஒருத்தர், "அவங்க ஏன் சார் அடுத்தவங்க எடத்துக்குள்ள போறாங்க, நாட்டுக்காக சண்ட போட்டவருக்கு நிம்மதி வேணாமா"ன்னாரு. கைது ஆகறதுக்கு முன்னாடி, ஆபீசர்லாம் அப்படி பண்ண மாட்டாங்க, வேற யாராவது இருக்கும்னு பேசுனவங்களும் அதே ஆளுங்கதான், கைது ஆனதுக்கு அப்பறம் பாவம் வயசானவரு டென்ஷன்ல பண்ணிருப்பாருன்னு மாத்திக்கிட்டாங்க. பண்ணிருக்க மாட்டாருன்னு ஒரு வாதம், அது ஒடஞ்சா பண்ணதுக்கு காரணம் இருக்கும்னு அடுத்த வாதம், ரெண்டும் பாக்கெட்டுல ரெடியா வெச்சிருப்பாங்க.

நானாவதிக்காவது பொண்டாட்டி துரோகம்னு ஒரு கதை இருந்துச்சு. இங்க எதிர்ல இருந்தது ஒரு சின்னப் பையன், கையில வாதாங்கா. அப்பவும் ரெண்டு கட்சி இருந்துச்சுன்னா பாத்துக்கோ.

வெளிநாட்டுலயும் இப்படித்தானா?

ஒண்ணு சொல்றேன். கனடால ரஸ்ஸல் வில்லியம்ஸ்னு விமானப்படை கர்னல், அந்த நாட்டோட பெரிய விமானத்தளம் டிரென்டனுக்கு அவர்தான் தலைவர், ராணிய ஏத்திக்கிட்டு விமானம் ஓட்டுன ஆளு. 2010 பிப்ரவரில ஒரு பொண்ணு காணாமப் போன கேஸ்ல போலீஸ் ரோட்ட மறிச்சு டயர் தடம் பாத்துக்கிட்டு இருந்தாங்க, இவரு வண்டி டயர் ஒத்துப்போச்சு. விசாரணைக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சு அன்னிக்கே ஒத்துக்க வெச்சிட்டாங்க. ரெண்டு பொண்ணுங்கள கொன்னிருக்காரு, அதுல ஒருத்தங்க அவரு தளத்துலயே வேலை பாத்தவங்க.

அங்க யாரும் பொம்மைத் துப்பாக்கி விக்கல. ஊரே ஒறஞ்சு போச்சு, இவரு கூட கைகுலுக்கி போட்டோ எடுத்தவங்களுக்கு அந்த போட்டோவ என்ன பண்றதுன்னு தெரியல. ராணுவம் பதவிய புடுங்கி யூனிபார்ம எரிச்சிருச்சு. நம்மாளுங்க இதக் கேட்டுட்டு, பாத்தியா அங்க சட்டம் கரெக்டுங்கறான். அது மட்டும் இல்ல. அவரு எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு, சந்தேகத்துக்கு எடமே வெக்கல, செத்த பொண்ணுங்க மேல பழி போட ஒரு கதையும் கெடைக்கல. கதை கெடச்சிருந்தா அங்கயும் ரெண்டு கட்சி வந்திருக்கும்னுதான் நான் நெனைக்கறேன்.

நீ ஏண்ணே ஆபீசர்னாலே காண்டாவுற?

காண்டு ஆபீசர் மேல இல்லடா. எங்க பெரியப்பா பையனே மிலிட்டரில ஹவில்தாரா இருந்து வந்தவன், லீவுல வந்தா தெருவே அவன் பின்னாடி போகும், நானும் போயிருக்கேன்.

நாலு வருஷம் முன்னாடி எங்க தெரு பையன், டெலிவரி வேலை, ஒரு வெட்டு கேஸ்ல தூக்கிட்டுப் போயிட்டாங்க. பைக் ஒண்ணு போல இருந்துச்சு, அதான் அவன் பண்ண குத்தம். மறுநாள் காலைல டிவி ஓட்டத்துல "வடசென்னை ரவுடி கைது". ரவுடி! அவன் மேல அதுக்கு முன்னாடி ஒரு பெட்டி கேஸ் கூட கிடையாது. அவங்கம்மா காசிமேட்டுல மீன் வெட்டிக் குடுக்கறவங்க, அன்னிக்கு யாரும் அவங்ககிட்ட மீன் குடுக்கல. பதினோரு நாள் கழிச்சு ஜாமீன், அப்பறம் சார்ஜ்ஷீட்ல அவன் பேரே இல்ல. அத எந்த டிவியும் ஓட்டல. வேலை போச்சு. எங்க கிளப்புல அவன் கூட தினமும் ஆடுனவங்களே, நெருப்பு இல்லாம பொகையுமான்னு பேசுனாங்க, நானும் அன்னிக்கு வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன், அது எனக்கு உறுத்தல்.

நானாவதிக்கு யூனிபார்ம் சாட்சி சொல்லுச்சு. இவனுக்கு பின்கோடு சாட்சி சொல்லுச்சு. ரெண்டையும் குறுக்கு விசாரணை பண்ண முடியாது.

அப்ப குற்றம் சாட்டப்பட்ட ஆபீசர உடனே கொலைகாரன்னு சொல்லிடலாமா?

அதுவும் தப்பு, எங்க தெரு பையனுக்கு நான் கேட்டத அவருக்கும் கேப்பேன். கொடியும் புடிக்காத, கல்லும் எறியாத.

நானாவதி கடைசில இன்னா ஆனாரு?

மூணு வருஷம் போல உள்ள இருந்தாரு. 1964ல மகாராஷ்டிரா கவர்னர் விஜயலட்சுமி பண்டிட், நேருவோட தங்கச்சி, மன்னிப்பு குடுத்தாங்க. அதுலயும் கணக்கு பாரு, சிந்திக்காரங்க கோவப்படக் கூடாதுன்னு பாய் பிரதாப்னு இறக்குமதி லைசென்ஸ் கேஸ்ல மாட்டுன சிந்தி வியாபாரி ஒருத்தருக்கும் அதே நேரத்துல மன்னிப்பு. நடுவுல பேசி முடிச்சது ஜெத்மலானி. மேமி அஹுஜா எனக்கு ஆட்சேபனை இல்லன்னு எழுதிக் குடுத்தாங்க. தம்பிய பறிகுடுத்த அந்தம்மா எந்த மனசோட கையெழுத்து போட்டிருப்பாங்க. 1968ல நானாவதி, சில்வியா, புள்ளைங்க எல்லாரும் கனடா போயிட்டாங்க. 2003ல அவரு செத்தாரு, கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் சேந்துதான் இருந்தாங்க.

நம்ம தெருவுல யாரையாவது கொலை கேஸ்ல புடிச்சா, வாட்ஸ்அப் குரூப்ல என்னண்ணே போடலாம்?

ஒண்ணும் போடாத. புடிச்சவன் போட்டோ, செத்தவங்க போட்டோ, அவங்க வீட்டு வாசல் வீடியோ, எதையும். நீ நேர்ல பாத்திருந்தா பாத்தத மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோ: மணி என்ன, எந்த எடம், வெளிச்சம் இருந்துச்சா, சட்டை கலர். ஆறு மாசம் கழிச்சு கூண்டுல ஏத்தி கேக்கும்போது குரூப்ல படிச்சதும் கண்ணால பாத்ததும் ஒண்ணாக் கலந்திருக்கும், எதிர் வக்கீல் உன்ன துவைச்சு தொங்க விட்டுடுவாரு.

போலீஸ் சாட்சின்னு கூப்பிட்டு நீ சொன்னத எழுதிக்கிட்டா, அதுல கையெழுத்து போடத் தேவையில்ல, போடச் சொல்லவும் கூடாது, இப்ப இருக்கற குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிஎன்எஸ்எஸ்ல 181வது பிரிவு. பொம்பளைங்க, 60 வயசுக்கு மேல உள்ளவங்க, 15 வயசுக்குக் கீழ உள்ள பசங்க, இவங்கள சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, போலீஸ்தான் வீட்டுக்கு வரணும், அது 179. இந்த ரெண்டு நம்பரையும் நான் எங்க ஆயாவுக்கு காலண்டர் பின்னாடி எழுதிக் குடுத்திருக்கேன். அவங்களுக்கு படிக்கத் தெரியாது, ஆனா எவனாவது கதவத் தட்டுனா அந்தக் காலண்டர எடுத்துக் காட்டுவேன்னு சொல்லியிருக்காங்க.